ஆறு டிகிரி

தலைப்பக்கம் ஆறு டிகிரி தாழ்ந்த கட்டில்.
தலையணை கிடையாது.
சோறு, பல் விளக்கல், மூத்திரம்,
எல்லாம் படுத்தபடி.
பதினாலு நாள்.
நாளுக்கு ஆயிரத்து இருநூறு.
நேதாஜி மார்க்கெட்டில் அதைப் பார்க்க
லாரிக்கும் மண்டிக்கும் நடுவே
அறுபது மூட்டை பல்லாரி
என் முதுகைத் தாண்டியாக வேண்டும்.

"சும்மா படுக்கறதுக்கா காசு?
இன்னா வேலை கீது அதுல?"
என்றாள் சம்பங்கி.
ரத்தம் தலைக்கு வரும், முகம் உப்பும்,
கால் சூம்பும், எலும்பில் சுண்ணாம்பு கரையும்.
மேலே போகிறவர்களுக்கு நேரப் போவதை
எனக்குக் கீழேயே நேரவைத்துப்
பார்க்கிறார்கள் என்றேன்.
பதில் பேசாமல்
என் போனைச் சார்ஜில் போட்டாள்.

மூன்றாம் நாள்
கெண்டைக்காலில் டேப் சுற்றி
முக்கால் சென்டிமீட்டர் போயிடுச்சு என்கிறார்
டாக்டர் ரோஸ்லின், சந்தோஷமாக.
பக்கத்துக் கட்டில் ஷாகிர்,
பேர்ணாம்பட்டில் தோல் கம்பெனி மூடியதால் வந்தவன்,
கேட்கிறான்: "எப்ப மேடம் போறாங்க?"
முதலில் ஆளில்லாமல் ஒரு கலம்.
உள்ளே, பேசும் பொம்மை ஒன்று.
சரியாக வந்தால் இன்னொரு முறை ஆளில்லாமல்.
அப்புறம்தான் ஆள்.
அப்புறம் அங்கேயே தங்க ஒரு நிலையம்,
நிலாவில் மண் அள்ளிவர ஒன்று,
வெள்ளிக்கு ஒன்று.
"வெள்ளிக்கிழமையா? அன்னிக்குத்தானே
எங்களை எழுப்புறீங்க?"
"தேதி மட்டும் கேட்காதே,
தள்ளிப் போகுது."

தண்ணி இல்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில் என்று
எங்கள் ஊரைக் கேலி செய்ய ஒரு பட்டியல் உண்டு.
"ஆளில்லாத கலத்தையும் சேர்த்துக்கலாம்ணே"
என்றான் ஷாகிர்.
சிரித்ததில் அழுத்தமானி ஏறி, நர்ஸ் ஓடிவந்தாள்.
அவள் போனபின் யோசித்தேன்.
நான் பிறக்குமுன்பே
சத்துவாச்சாரியிலிருந்து திரும்பிவிட்டது சாமி.
பாலாறு ஒரு கார்த்திகையில் திடுமென வந்து
விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தைக் கடித்துவிட்டுப் போனது.
ராஜா மட்டும்தான் பாக்கி.
அவர் வராவிட்டால் ஒன்றுமில்லை.

ராத்திரியில் தோள் எதையோ தேடுகிறது.
இருபத்திரண்டு வருஷம் அங்கே உட்கார்ந்திருந்த கனம்
சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.
மேலே மூட்டைக்கு எடையே இல்லையாம்,
விரலால் தட்டினால் நகருமாம்.
"அப்ப கூலியை எதை வச்சுப் போடுவாங்க?"
ரோஸ்லின் சிரிக்கவில்லை.
"எடை போனாலும் சரக்கு போகாது.
தள்ளிவிடறது சுலபம்.
வர்றதை நிறுத்தத்தான் பலம் வேணும்."
நிறுத்தக் கூலி.
சங்கத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

பதினோராம் நாள் சாயங்காலம்
ஆஸ்பத்திரி முழுக்க மொட்டை மாடியில்.
ஏதோ செயற்கைக்கோளைச் சுமந்து
கடலோரத்திலிருந்து ஒன்று கிளம்பியதாம்.
எனக்கும் ஷாகிருக்கும் தெரிந்தது
மூன்று றெக்கை மின்விசிறி.
போனில் சம்பங்கி:
"ரத்தினகிரி பக்கம்யா... பீடி நுனி மாதிரி...
ஏறுது, ஏறுது... வளையுது...
மேகத்துக்குள்ள பூட்ச்சி."
இன்னும் கொஞ்சம் சொல் என்றேன்.
"அவ்ளோதான்யா. புகை மட்டும் கீது."

வெள்ளி.
கட்டிலோடு சேர்த்து நிமிர்த்தினார்கள்.
பாதம் தரையைத் தொட்ட இடத்தில்
ஆயிரம் எறும்பு.
நெஞ்சு, மண்டிக் கொட்டாய்த் தகரத்தில் மழை.
பூமி மொத்தமும்
பின்கழுத்தில் ஏறி உட்கார்ந்தது.
பழக்கமான இடம்தான், ஆனாலும்
முட்டி மடங்கப் பார்த்தது.
"எப்படியிருக்கு?"
"ஒரு மூட்டை மேடம்."
"எத்தனை கிலோ?"
"அறுபது. மேலயும் இருக்கும்."
தராசில் ஏற்றினார்கள்: அறுபத்தொன்று.
அது நான்தான்.

நின்றது ஒன்பது நிமிடம் என்று
தாளில் குறித்துக்கொண்டார்கள்.
பத்தாவதில் கண் இருட்டியது.

வாசலில் சம்பங்கி செருப்பைப் போட்டுவிட்டாள்.
வார் தொளதொளவென்று ஆடியது.
முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்,
கவரை வாங்கி எண்ணினாள்.
"மார்க்கெட்டுக்கு எப்பய்யா?"

"தேதி மட்டும் கேட்காதே" என்றேன்.