சவுட்டு

புது காலிப்பர் ரெண்டு, பேட் நாலு,
பின் டிரம்முக்கு லைனர்.
மார்த்தாண்டத்துக் கடையில் ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
எல்லாம் மாட்டி முடித்தபிறகும்
பெடலில் கால் வைத்தால்
கனிந்த மட்டிப்பழத்தை மிதித்ததுபோல்
அடிவரை போகிறது.

விடியக்காலம் நாலுமணிக்குப் பேச்சிப்பாறையில்
அறுபது குலை ஏற்றணும்,
வெளுக்கும் முன்னே வடசேரிச் சந்தையில் இறக்கணும்.
வழியெல்லாம் இறக்கம்.
மணி இப்போது பத்தரை.

வில்பிரட் வண்டிக்கடியில்.
நான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால்.
நாலு நாளாக எங்களுக்குள் பேச்சில்லை.
கூட்டாளியின் கடனுக்கு
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
ஜாமீன் போட்டிருக்கிறான்.
வங்கி நோட்டீசோடு வந்த நகலில்
கையெழுத்து நல்ல அழகாகத்தான் இருந்தது.

ஆனாலும் பிரேக்கில் காற்றெடுக்க
ரெண்டு ஆள் வேணும்.

"சவுட்டு."
மூன்று தடவை சவுட்டுகிறேன்.
"பிடி."
பிடித்துக்கொள்கிறேன். அடியில் ஸ்பேனர் கால்திருகு திரும்புகிறது.
என் பாதத்தின் கீழே பெடல்
தானாகத் தரைக்கு இறங்குகிறது.
அவன் மூடும் சத்தம்.
"விடு."
முந்தி விட்டால் போன காற்று திரும்பி வந்துவிடும்.
அவன் சொல்லும்வரை அசையக்கூடாது.
அவன் சொல்படி நான் கேட்பது
இந்த வாரத்தில் இதுதான் முதல்முறை.

தூரத்துச் சக்கரம் முதலில்:
பின் இடது, பின் வலது,
முன் இடது, கடைசியில் எனக்குக் கீழே இருப்பது.
ஊறுகாய்ப் பாட்டிலில் டியூபின் நுனி
குமிழ் விட்டது, விட்டது,
பிறகு குமிழே இல்லாமல்
தெளிந்த ஆயிலாக வந்தது.
சவுட்டிப் பார்த்தேன்.
மட்டிப்பழம்.

மறுபடி நாலு சக்கரம்.
மறுபடி.
பாடகர் குழுப் பயிற்சி முடிந்து போன ராசையன்
சைக்கிளை விட்டு இறங்காமலே
"மாஸ்டர் சிலிண்டர் போச்சு ஓய்" என்றுவிட்டு
அதன் விலையைச் சொல்லாமல் போனார்.
பக்கத்துப் புகைப்புரையிலிருந்து
ரப்பர் ஷீட் வேகும் வாடை.
சாறல் விழத் தொடங்கியது.

இறங்கினேன். போனில் டார்ச் போட்டு
முன்சக்கரத்துக்குள் குனிந்து பார்த்தேன்.
காற்று வெளியேறும் நிப்பிள்
தலைகீழாகத் தரையைப் பார்த்து நிற்கிறது.
குளத்துச் சேற்றில் மிதித்தால்கூடக்
குமிழ் மேலே அல்லவா வரும்?

"நிப்பிள் கீழ கெடக்கு."
அவன் தலை வெளியே வந்தது.
"இடத்து காலிப்பர வலத்துல மாட்டிருக்கு."
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
"ஓ" என்றான், அவ்வளவுதான்.

சாயங்காலம் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தது நான்.
அவன் வலப்பக்கம் உட்கார்ந்து கை நீட்டினான்.
கொடுத்த பெட்டியில் 'எல்' என்று இருந்ததைப் பார்த்தேன்.
பேச்சில்லையே, பேசாமல் கொடுத்தேன்.
இதை அவனிடம்
இன்னும் சொல்லவில்லை.

மாற்றிப் பூட்டி, முன்சக்கரம் ரெண்டுக்கும்
திரும்பக் காற்றெடுத்தபோது
பாட்டில் முழுக்கக் குமிழ்.
பெடல் பாதிக்கு மேலே கல்லாக நின்றது.
இன்ஜினைப் போட்டதும் ஒரு விரல் இறங்கியது.
பதறிப் பார்த்தேன்.
"அது அப்பிடித்தான்" என்றான்.
போனட்டைத் திறந்து ஆயில் ஊற்றுகையில் சிந்தியதில்
பக்கத்தில் எழுதிய 'மாதா துணை'யில்
ஒரு கால் உரிந்துபோயிருந்தது.

நாலேமுக்கால். அறுபது குலை.
தலையில் விளக்குக் கட்டின பால்வெட்டுக்காரர்கள்
ரப்பர்காட்டுக்குள் அங்கொன்று இங்கொன்றாய்.
குலசேகரத்துக்கு முந்தின வளைவில்
எதிரே தண்ணீர் லாரி.
சவுட்டினேன்.
வண்டி நின்றது, பின்னால் குலைகள்
ஒருமுறை முன்னே வந்து பார்த்துவிட்டுப் போயின.

பக்கத்து சீட்டில்
அவன் வலதுகால் விறைத்து
அங்கே இல்லாத பெடலை
அழுத்திப் பிடித்திருந்தது.
லாரி போய் வெகுநேரம் கழித்தும்.

"விடு" என்றேன்.