சூடு பார்க்கிற துவக்கு

கட்டாரில் மின்சார வேலை செய்த மச்சான்
ஏறாவூருக்குத் திரும்பும்போது கொண்டுவந்தது.
மஞ்சள் பிடி, கறுப்பு மூக்கு.
விசையை அழுத்தினால் சிவப்புப் பொட்டொன்று விழும்,
தொடாமலே சூடு சொல்லும்.

முதல் நாள் பேக்கரிக்குள் நீட்டினேன்.
மாப் பிசைந்துகொண்டிருந்த மீராமுகைதீன்
இரண்டு கையையும் உயர்த்தினார்.
பகிடிதான்.
ஆனாலும் எவ்வளவு சரியாக உயர்ந்தன கைகள்.
சோதனைச்சாவடி போய்ப் பதினைந்து வருஷம்,
தோள் மறக்கவில்லை.
முப்பத்துநாலு, என்றேன். ஆள் உயிரோடதான்.

போறணை வாய் இருநூற்று நாற்பது.
நெருப்பை இழுத்துக் கொட்டிய பிறகும்
செங்கல் வாங்கின கடனை
விடிய விடியத் திருப்பிக் கொடுக்கிறது.
புதுத் தட்டு நாற்பது என்றது;
நம்பித் தொட்டேன், விரல் பொரிந்தது.
கரி பிடித்த பழைய தட்டு
நூற்றுத் தொண்ணூறு என்று உள்ளதைச் சொன்னது.
மினுங்குகிற சாமான் தன் சூட்டைச் சொல்லாது,
எதிரில் நிற்பதன் சூட்டைத்தான் காட்டும்.
(முதலாளியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.)

கச்சான் எழும்பிய ஆனி மாதம்
வீட்டுக் கூரைத் தகரம் அறுபத்துமூன்று.
உள்பக்கம் ஐம்பத்தெட்டு.
கீழே ஏணையில் என் மகள், பதினேழு நாள் பிள்ளை.
இடையில் காற்று இருந்தது, மின்விசிறி இருந்தது;
அவற்றிடம் கேட்காமலே
தகரம் நேரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.
கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு.
"பேன் நல்லாத்தானே சுத்துது,
பிறகென்னத்துக்கு அழுறாள்?" என்றாள் நஸ்மியா.

ஜும்ஆ முடிந்து வந்து
ஒரு வாளி மட்டிச் சுண்ணாம்பு,
ஒட்டுவதற்குக் கொஞ்சம் கோதுமை மா
(பேக்கரிக் கணக்கில் வராத மா)
கலக்கி, ஏறிப் பூசினேன்.
மறுநாள் உச்சியில் நாற்பத்தொன்று.
பிள்ளை மூன்று மணிவரை உறங்கினாள்.

நாலு மணிக்கு
மதிலுக்கு மேலால் எட்டினார் றசாக் ஹாஜியார்:
"உன்ட வெயிலை
என்ட ஜன்னலுக்குள்ள ஏன்டாப்பா அனுப்புறாய்?"
ஏறிப் போய்ப் பார்த்தேன். உண்மை.
அவருடைய மாடி அறை வெள்ளையாய்க் கூசியது.
பச்சைத் திரைச்சீலை ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.
அதற்கும் துவக்கை நீட்டிப் பார்க்கக் கை உன்னியது,
அடக்கிக்கொண்டேன்.

விடியற்புறம் மூன்று மணிக்கு
முதல் பாண் இறக்கிவிட்டு
வேர்வை ஆறப் பின்பக்கம் நிற்பேன்.
காற்று விழுந்த ஓர் இரவு, ஒரு முகிலில்லை,
விளையாட்டாய் வானத்துக்கு நீட்டினேன்.
நான்கு.
பற்றரி போயிற்றென்று உள்ளங்கையில் தட்டினேன்.
நான்கு.
மீராமுகைதீனின் சைக்கிள் சீற்று
யாரும் தண்ணீர் ஊற்றாமல் நனைந்திருந்தது.
ரோட்டு இருபத்தொன்பது,
சுவர் முப்பத்தொன்று,
தென்னை இருபத்தைந்து.
எல்லோரும் நின்ற இடத்தில் நின்றபடி
மேலே அந்த நான்குக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்,
சத்தமில்லை, வெளிச்சமுமில்லை.

வாவிப் பக்கமிருந்து முகிலொன்று வந்து
தலைக்கு மேல் நின்றது.
பதினேழு.
ஆரோ கதவைச் சாத்தினமாதிரி.

முகில் பத்து நிமிஷத்தில் போனது.
போகாமல் தங்கிவிடுகிற சாமானும் அங்கே கிடக்கிறதாம்.
முப்பது வருஷமாய்
எங்கள் போறணைப் புகையும் அங்கேதான் ஏறுகிறது.
வாப்பா காலத்தில் இந்த நான்கு
மூன்றாக இருந்திருக்குமோ என்னவோ.
அவர் அளந்து வைக்கவில்லை.
அந்த நாளில் துவக்கெல்லாம்
வேறு ஆட்களிடம் இருந்தது.

"விறகு தள்ளணும், வா" என்று உள்ளேயிருந்து குரல்.
துவக்கின் மூக்கை நிலத்துக்குத் திருப்பிப் பிடித்தபடி
போனேன்,
இரண்டாம் போறணைக்கு.