எல்லாக் காருக்கும் ஒரே விலை

விடியுமுன் ஊர்போ பனியில் துளையிட்டு அளந்தான்:
நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
நாணல் பக்கம் முப்பத்தாறு.
"பேருந்தே போகலாம்" என்றான்.
போன வருடமும் அதைத்தான் சொன்னான்,
பனிவாரும் டிராக்டரின் பின்சக்கரம்
தொபுக்கென்று இறங்குவதற்கு முன்னால்.

நான் பேருந்து ஓட்டுகிறவள். பள்ளிப் பேருந்து.
முப்பத்தொன்பது பிள்ளைகள். அறுபதைத் தாண்டியதில்லை.
நீச்சல் தெரியாது.
கோடையில் ஹௌகிலம்பி ஏரிக்கும் எனக்கும்
கணுக்கால் வரைதான் பழக்கம்.
பிப்ரவரியில்
மூன்றாம் கியரில் அதன் நடுவயிற்றில் போகிறேன்.

மைனஸ் இருபத்துநான்கு.
டொயோட்டாவின் கதவு போன ஞாயிறு நசுங்கியது.
ஜன்னல் வழியே நுழைகிறேன்,
தபால்பெட்டிக்குள் கடிதம் போவதுபோல.
பின்னிருக்கை இல்லை, ஹீட்டர் இல்லை.
என் மூச்சு என் புருவத்திலேயே உப்புப் பூக்கிறது.

பனியில் நேரே பார்த்து ஓட்டுகிறவன்
நேரே பனிக்குவியலுக்குப் போவான்.
பாதை இங்கே பக்கத்து ஜன்னலில் இருக்கிறது.
வளைவு வருமுன்பே வண்டியைக் குறுக்கே போட வேண்டும்,
வலம் போக, இடப்பக்கம் ஒரு பொய் சொல்லி,
பிறகு மிதி.
ஆணிச் சக்கரங்கள் கிளப்பும் வெள்ளைப் புழுதியைத்
தின்னாமல் போகிறவன் முதல் ஆள் ஒருவன்தான்.

இந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு.
முடிந்ததும், ஓட்டிய யாரும்
ஓடிய எந்தக் காரையும் கேட்கலாம்.
எல்லாக் காருக்கும் ஒரே விலை.
கொடுக்கமாட்டேன் என்று சொல்ல முடியாது.
நிறையப் பேர் கேட்டால் சீட்டுக் குலுக்கல்.
அதனால்தான் யாரும் இங்கே
இரும்பில் தங்கம் இழைப்பதில்லை.

நான் இழைத்தேன்.
செப்டம்பரிலிருந்து, இரவெல்லாம்,
எஞ்சினைப் பிரித்துப் போட்டுக் கோர்த்தேன்.
கணக்கு எழுதிய நோட்டை
நானே ஒளித்துவைத்து நானே மறந்தேன்.

கடைசிச் சுற்று.
எனக்குப் பின்னால் மிர்வாவின் மஞ்சள் சாப்,
ஒரு பம்பர் தூரம்.
குறைத்தால் கார் எனக்கு.
குறைக்காவிட்டால் கோப்பை எனக்கு.
யோசிக்க இரண்டு வளைவுகள் இருந்தன.
கால் யோசிக்கவில்லை.

அரை பானட்.
கரையில் கோட்டுகளுக்குள்ளிருந்து கைதட்டல்,
கையுறை போட்டுத் தட்டினால் வருமே,
தலையணை அடிப்பதுபோல ஒரு சத்தம்.
தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பென்ட்டி மட்டும்
மீனெல்லாம் ஓடிப்போச்சு என்று திட்டினான்.

என் காருக்குப் பதினொரு சீட்டு.
மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று.
அதில் ஒன்று நான் போட்டது.
தொத்திறைச்சிக் கடைக்காரரின் மகள்
பல்லால் கையுறையை உருவிவிட்டு
ஹெல்மெட்டுக்குள் கையை விட்டாள்.
மிர்வாவின் பெயர் வந்தது.
பிறகு மஞ்சள் சாப்புக்கு
என் பெயர்.

யாரோ சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை.
ஆளுக்கொரு நோட்டுக் கட்டு,
எண்ணவும் இல்லை, அவளுடையது அவளுக்கே
திரும்பிப் போனதுபோல் இருந்தது.
சாவி என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.
குளிரில் இரும்பு அப்படித்தான், விடாது.
இரண்டாம் கியரைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தேன்.
"போய்வா" என்றேன்.

மணி ஐந்துகூட ஆகவில்லை, இருட்டிவிட்டது.
ஆட்கள் போனபின் ஏரி ஒரு தடவை
கரையிலிருந்து கரைக்கு உறுமியது.
"தடிக்கிறது" என்றான் ஊர்போ.
அவனுக்கு எல்லாமே தடிக்கிறதுதான்.

டிரெய்லரில் ஏற்ற வேண்டும்.
சாப்புக்குள் உட்கார்ந்தேன்; முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.
மிர்வா குட்டை. இருக்கை முன்னால், மேலே, கொஞ்சம் கோணலாக.
பின்னால் தள்ளக் கைவைத்தேன்.
வைத்த கை அப்படியே நின்றது:
அந்த உயரத்திலிருந்து, பக்கத்து ஜன்னலில்,
நாணல் பக்க வளைவு
தொடக்கம் முதல் முடிவு வரை
ஒரே பார்வையில் தெரிந்தது.

இதுவா. இத்தனை வருடமும் இதுவா.

இந்நேரம் அங்கே அவளுக்கும்
இரண்டாம் கியர் ஒட்டியிருக்கும்.