காகிதப்பூ முள்

குத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை.
ஆண்டாப் ஹில், செக்டர் ஏழு, தரைத்தளம்.
சாக்கடைக்கும் சன்னலுக்கும் நடுவே
ஒரு பாய் அகலத்துக்கு எனக்கு வாய்த்த பூமியில்
மழைக்கு முன் காகிதப்பூவைக் கவாத்து செய்துகொண்டிருந்தேன்.
சுருக்கென்றது.
விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு
மறுபடி கத்தரியை எடுத்தேன்.
மண்ணுக்கும் ரத்தத்துக்கும் ஒரே ருசி.

திங்கள், மோதிர விரலில் கொஞ்சம் சூடு.
செவ்வாய், மஞ்சள் குழைத்துப் பூசினேன்.
புதன்கிழமை தணிக்கை.
வலது கை பேனாவைப் பிடிக்க மறுத்தது.
இடது கையால் போட்ட டிக்குகள்
காற்றில் குடை திரும்பிக்கொண்டவர்கள்போலச்
சாய்ந்து நின்றன.
வியாழன் இரவு
தங்கத்துக்கு மேலே ஒரு விரல்,
தங்கத்துக்குக் கீழே ஒரு விரல்.

சோப்பு, தேங்காயெண்ணெய், சுற்றி இழுக்கும் நூல்,
எதற்கும் நகரவில்லை.
ஐந்தாவது ஊதியக் குழு நிலுவையில் வாங்கிய மோதிரம்.
யாரும் போட்டுவிட்டதில்லை.
நானே கடைக்குப் போய், பேரம் பேசி,
நானே போட்டுக்கொண்டது.
சயான் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர்
"விரலா, மோதிரமா, சொல்லுங்க" என்றார்.
இந்தியில் கேட்டதற்குத்
தமிழில் அழுதேன்.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள்?
எரிவாயு இணைப்பு வாங்கிய தேதி தெரியும்.
வைப்புத்தொகை முதிரும் நாட்கள் அத்தனையும்
மனப்பாடம்.
இதற்கு மட்டும் பதிவேட்டில் வெற்றுப் பக்கம்.
அவர் சீட்டில் எழுதியது
நான் ஊருக்கெல்லாம் எழுதும் தடைக்குறிப்பு போலவே இருந்தது,
அதே கிறுக்கல், அதே பொறுமையின்மை.

சின்னச் சக்கர ரம்பம் மோதிரத்தை அறுத்தது.
பிறகு விரலைக் கீறினார்கள்.
சீழோடு வந்தது முள்ளின் நுனி,
எள்ளில் பாதி.

கட்டுப் போட்ட கையோடு வீட்டு வாசலில் நின்றபோதுதான் பார்த்தேன்,
ஞாயிறன்று நான் வெட்டி எறிந்த குவியலைக் காணோம்.
எப்போதும் காணோம்தான்.
இருபத்தோரு வருஷமாக
நான் வெட்டுவேன், அது இல்லாமல் போகும்.
எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை,
கணக்குக் கேட்பதே பிழைப்பான நான்.

சாயாபாய் பெருக்கிக்கொண்டே வந்தாள்.
கையில் என்ன என்றாள். முள் என்றேன்.
எந்த முள்? செடியைக் காட்டினேன்.
துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள்.
கரும்புள்ளிகள்.
சில பழையவை.
சில என் ஞாயிற்றுக்கிழமைகள்.

ரப்பர் பூசிய கையுறை இரண்டு ஜோடி வாங்கினேன்.
ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.
மறுநாளும் வெறுங்கைதான்.
"இதுல துடைப்பம் வழுக்குது, வேலை ஓடாது."
ஆட்சேபிக்க எதுவும் இல்லாத பதில்.

ஜூனில் சாக்கடை ஏறி வந்து
கறிவேப்பிலையின் இடுப்பு வரை நின்றது.
எலி வளைகளிலிருந்து குமிழி குமிழியாய் மூச்சு.
காயம் ஆறும்வரை அந்தத் தண்ணீரில் கால் வைத்தால்
எலிக்காய்ச்சல் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.
சன்னலுக்கு உள்ளேயே நின்று
சேம்பு இலைகள் மிதப்பதைப் பார்த்தேன்.
வெளியே சாயாபாய்
முழங்கால் ஆழத்தில் நின்று
அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தாள்.
தண்ணீர் வடிந்த அன்றே
அவள் கால் அளவு கேட்டு பூட்ஸ் வாங்கி வந்தேன்.
இது வழுக்கவில்லை என்றாள்.

இப்போது வெட்டியதை எறிவதில்லை.
விரலளவாய் நறுக்கிப்
பழைய பெயிண்ட் டப்பாவில் அடைத்து
மூடியில் மராட்டியில் எழுதுகிறேன், முள் என்று.
எழுத்துப்பிழை இருக்கிறதாம்.
சாயாபாய் திருத்திக் கொடுத்தாள்.

விரல் முழுசாய் மடங்குவதில்லை.
மோதிரத்தை ஒட்டித் தரட்டுமா என்றார் பத்தர்.
வேண்டாம் என்றுவிட்டேன்.
வாய் திறந்த பிறகு
அது எந்த விரலுக்கும் பொருந்துகிறது.
ஞாயிறு காலை கையுறை மாட்டுமுன்
கழற்றிச் சன்னல் கம்பியில் தொங்கவிடுகிறேன்.
கொக்கியாகிவிட்டது,
விழுவதில்லை.