தொண்ணூற்றிரண்டு டிகிரி

நூர்ஜிஹான் ஹானிம்,
இதை உங்களிடம் கொடுக்கப் போவதில்லை.
அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.
போலு மலையடிவாரத் தீவன ஆலையில்
இரவு ஷிப்ட் பெல்லட் எந்திரம் என்னுடையது.
பதினோரு வருடம்.
என் முகம் உங்களுக்குத் தெரியாது;
உங்கள் கோழிகளுக்கு என் கைப்பக்குவம் தெரியும்.

மக்காச்சோளம் நமக்குக் கப்பலில் வருவது.
அந்த மார்ச்சில் லிரா சரிந்தது.
கோதுமையைப் போடு என்றார் முதலாளி.
போட்டோம்.
கோதுமையை யார் சந்தேகப்படுவார்கள்,
ரொட்டி அல்லவா.
சுவரொட்டி ஒட்டுகிறவனைக் கேட்டிருக்க வேண்டும்.
குடலின் வெதுவெதுப்பில்
கோதுமையின் நார் ஊறிப் பசையானது.
புரதமும் மாவுச்சத்தும் அதில் மாட்டி,
தூங்கிப்போன பயணிகள் மாதிரி
இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டி
வால்வழியே வெளியே போயின.

பதினாறாம் நாள்
உங்கள் கொட்டகையில் மரத்தூள் நனைந்தது.
அம்மோனியா கண்ணைக் கரித்தது.
இருபதாயிரம் குஞ்சுகள்,
பாதத்தில் நாணய அளவு கறுப்புப் புண்.
நீங்கள் தொலைபேசியில் கத்தவில்லை.
ஒரு பிடி ஈரத்தூளைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து
மினிபஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினீர்கள்.
மேலாளர் மேசையில் மூன்று நாள் இருந்தது அது.
ஜன்னலைத் திறந்தார்கள்,
பையைத் திறக்கவில்லை.

பிறகு அங்காராவிலிருந்து பெர்ஜெஸ்தே வந்தாள்,
பழுப்புநிறத் தூள் மூட்டையோடு.
நொதி என்றாள்.
நாரின் நீளச் சங்கிலியைக் கண்ட இடத்தில் நறுக்கும்,
பசை இளகும், மாட்டியது விடுபடும்.
டன்னுக்கு நூறு கிராம்.
நூறு கிராமா?
ஒரு ராத்திரியில் தேநீரோடு
நான் குடிக்கும் சர்க்கரையே அவ்வளவு இருக்கும்.
'நீராவி 85க்கு மேல் கூடாது'
சிவப்பு மையில் எழுதி
வால்வுக்கு மேலே ஒட்டிவிட்டுப் போனாள்.

எண்பத்தைந்தில் பெல்லட் உதிர்கிறது, ஹானிம்.
உதிர்ந்தால் தூள்,
தூளென்றால் காலையில் திட்டு.
தொண்ணூற்றிரண்டில் வைத்தால்
ஒவ்வொன்றும் மெருகேறி விழும்,
நகத்தால் கீறினாலும் உடையாது.
மணி இரண்டு.
எந்திரமும் நானும்தான்.
திருப்பினேன்.
கையில் அள்ளி முகர்ந்தேன்,
அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி வாசம்.
பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த தொகுதிக் குஞ்சுகளுக்கும் அதே ஈரம்.
அங்காராக்காரி மாயப்பொடி விற்றுவிட்டாள் என்று
நீங்கள் சொன்னதாகச் சொன்னார்கள்.
கூட்டத்தில் அவள் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்,
காது மட்டும் சிவந்து.
பின்வரிசையில் நான்
கிளாஸின் அடியில் கரையாத சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு.

விடிகாலையில் தனியாக ஆலைக்கு வந்தாள்.
எத்தனை டிகிரி, ஷுக்ரூ அபி?
எண்பத்தைந்து.
என் கையில் பாதி உரித்த அவித்த முட்டை.
அதையே கொஞ்சநேரம் பார்த்தாள்.
நொதியும் புரதம்தான், வெள்ளைக்கரு மாதிரி,
வெந்தபிறகு திரும்பாது, என்றாள்.
வால்வுப் பக்கம் அவள் கண் போகவே இல்லை.
போயிருந்தால்
கோபப்படவாவது எனக்கு வழி இருந்திருக்கும்.

அன்றிரவு எண்பத்து நான்கு.
தூள் பறந்தது. திட்டு விழுந்தது.
வாங்கிக்கொண்டேன்.

இலையுதிர்காலத்தில்
உங்களிடமிருந்து இன்னொரு பை வந்தது.
கடிதம் ஏதுமில்லை. உலர்ந்த மரத்தூள்.
இந்தமுறை கோதுமை நல்ல ரகம் என்றார் மேலாளர்.
நாற்பத்திரண்டாம் நாள் லாரி வரும்;
செரித்த கோழிக்கும் செரிக்காத கோழிக்கும்
அதே லாரிதான், தெரியும்.

பையை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.
எந்திரம் சூடேறும்வரை
முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டுகிறேன்.
விரலிடுக்கில் மணலாய் ஓடுகிறது.
நடுவில் போன அந்த இருபதாயிரத்தின் பாதங்களை
யாரும் பையில் முடிந்து அனுப்பவில்லை.