நட்சத்திரக் குறி

திங்கட்கிழமை ஐந்து பேர் சேர்கிறார்கள்.
காலி நாற்காலி மூன்று.
கீழே பேக்கரி ஸ்டீபனிடம் கேட்டேன்,
வர்க்கி மாவு படிந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி தந்தார்.
படியேறித் தூக்கிவரும்போது தெரிந்தது
கம்பெனி வளர்கிறது.

வரவேற்புரையை என்னை எழுதச் சொன்னார் தினகர்.
"நாமெல்லாம் ஒரே குடும்பம்னு போடுங்க, ஜெசிந்தா."
போடவில்லை.
குடும்பத்தில் நோட்டீஸ் பீரியட் கிடையாது.
புரொபேஷன் உண்டு, மருமகளுக்கு மட்டும்,
அது முடிவதேயில்லை.

எழுதியது இவ்வளவுதான்:

வாருங்கள்.
ஹீட்டர் ஒன்றுதான். அதன் பக்கத்து இடம்
இரவில் சர்வருக்காக விழித்திருப்பவருக்கு.
கழிப்பறைத் தாழ்ப்பாளை முதலில் தூக்கவும், பிறகு தள்ளவும்.
மழையில் கேபிள் அறுந்தால் ஜன்னலோரம் இரண்டு கோடு சிக்னல்.
மூன்றாவது கோடு வேண்டுமானால்
குடையோடு சர்ச் மேடு.
சாலையில் காட்டெருமை நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள்,
படம் எடுத்து அனுப்புங்கள், தாமதம் தள்ளுபடி.
ஒரே எருமையை மூன்று திங்கள் அனுப்பியவர்தான்
இப்போது உங்கள் டீம் லீடர்.

வந்தார்கள்.
காரமடை விஷ்ணுபிரதாப், அரைக்கைச் சட்டையில்.
"ஆப்ல பதினெட்டு டிகிரின்னுதான் போட்டிருந்தான் மேடம்."
பதினெட்டுதான்.
கோத்தகிரியின் பதினெட்டு வேறு.
என் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன்.
கூடலூர் நஃபீலா விடிவதற்குமுன் கிளம்பி
எல்லோருக்கும் முன்னால் வந்து
பூட்டிய ஷட்டரில் சாய்ந்திருந்தாள்.
குன்னூர் எட்வின். பக்கத்து ஹட்டியிலிருந்து கிரிஜா,
ஷூ முழுக்கச் சேறு.
கடைசியில் யோகராணி.

பணியாளர் படிவம் நாங்களே செய்தது.
எங்கள் முதல் சரக்கு. இன்று இருநூறு கம்பெனிகள் அதில்.
நான்கு பேர் தட்டி முடித்து டீக்குப் போனார்கள்.
யோகராணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹேங் ஆயிடுச்சா?"

"இல்லக்கா. தற்போதைய முகவரி போட்டுட்டேன்.
நிரந்தரம்னு என்ன போடறது?
தோட்டத்து லைன் வீடு,
அம்மா ரிட்டயர் ஆகிற வரைக்கும்தான்.
தாத்தா கண்டியிலேர்ந்து கப்பல்ல வந்தவர்.
கண்டின்னு போட்டா
பின்கோடு கேக்குது."

கட்டத்துக்கு மேலே நட்சத்திரம்.
கட்டத்துக்குக் கீழே சிவப்பில்:
சரியான முகவரியை உள்ளிடவும்.

அந்தச் சிவப்பு நான் தேர்ந்தெடுத்தது.
ஏழு வருடத்துக்கு முன், இதே ஜன்னல்.
நிறத்தின் எண்கூட நினைவிருக்கிறது.
எழுதிய அன்று எனக்கு முகவரி இருந்தது;
இல்லாத ஒருவர் இங்கே வந்து உட்காருவார் என்று
தோன்றவில்லை. அவ்வளவுதான்.
கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட
இத்தனை கச்சிதமாக எழுதியிருக்க மாட்டேன்.

மாவு நாற்காலியை இழுத்துப்போட்டேன்.
"எந்த வேலைக்குச் சேர்ந்திருக்கே?"
"ஃப்ரண்ட் எண்ட்."
"அப்ப இந்த ஃபைலைத் திற. நூற்று நாற்பதாவது வரி."
அவளுடைய பாஸ்வேர்டு இன்னும் வரவில்லை,
என்னுடையதில் நுழைந்தோம்.
தினகருக்குத் தெரிய வேண்டாம்.

ஒரு சொல்லை அழித்தாள்.
பக்கத்தைப் புதுப்பித்தாள்.
நட்சத்திரம் இல்லை.
உடனே மூன்று டெஸ்ட் உடைந்தது.
அவற்றைச் சரிசெய்வதற்குள் மூன்று மணி,
அப்புறம் கரண்ட் போய் நாலரை,
ஒரு வாடிக்கையாளர் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டு
"ஸ்டார் எங்கே போச்சு?" என்றார்.
யோகராணிதான் எடுத்தாள்.
"எடுத்துட்டோம் சார்" என்றாள்.
காரணம் சொல்லவில்லை,
அவரும் கேட்கவில்லை.

வரவேற்புரையை யாரும் வாசிக்கவில்லை.
ஆறே முக்கால் பஸ்ஸுக்கு எல்லோரும் ஓடினார்கள்.

பூட்டும் முன் பதிவேட்டைத் திறந்தேன்.
ஐந்தாவது வரிசை: பெயர், பிறந்த தேதி, ரத்த வகை,
பிறகு ஒரு வெள்ளைக் கட்டம்,
யாரையும் அதட்டாமல்.

நாற்காலிகளைத் திருப்பிக் கொண்டுபோனேன்.
"வச்சிக்க, அடுத்த மாசமும் வருவே" என்றார் ஸ்டீபன்.
மறுபடி படியேறும்போதுதான் குளிர் உறைத்தது.
ஸ்வெட்டரோடு காரமடைக்கே போய்விட்டான்
விஷ்ணுபிரதாப்.