இருபது கிராம் கல்

ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி.
நெம்பை இறக்கினால் வாய் திறக்கும்,
ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைத் துப்பும்,
இரண்டாவது சொல் அதற்குத் தெரியாது.
தொரை விட்டுப்போனது. லைசென்சு
கண்டக்டர் சவரிராயன் பேரில்:
செம்பனைக் கன்றின் குருத்தைக் கிளறும் பன்றிகளுக்கு என்று
பீடோர் போலீசில் முத்திரை.

அதற்குத் தோட்டா செய்யும் கம்பெனி மூடி நாளாயிற்று.
இருந்தது நாற்பது பித்தளைக் கூடு,
ஒரு வார்ப்பு அச்சு.
அச்சின் கன்னத்தில் எடை வெட்டியிருந்தது: 370.
கிரெய்ன் என்றார். கிராமாக்கிக் கொடுத்தேன்,
இருபத்து நான்கு.
பால் பரிசோதனை அறையில்
கண்ணாடிக் கூண்டுத் தராசு என் பொறுப்பு.

உலோகம், தெலுக் ஆன்சனில் மூடிய அச்சகத்தின் எழுத்துகள்.
கிலோ கணக்கில் வாங்கிவந்தார்.
'க'வும் 'ம்'மும் தேய்ந்து மழுங்கியிருந்தன,
'ஔ' மட்டும் நேற்று வார்த்ததுபோல்.
கரண்டியில் எல்லாம் ஒன்றாகி
வெள்ளிப் பாலாடை கட்டியது.
தேன்மெழுகு ஒரு துண்டு போட்டுக் கிண்டுவார்,
புகை என் முடியில் இரண்டு நாள் இருக்கும்.

முதல் வார்ப்பு: இருபத்து மூன்று புள்ளி நான்கு.
"குறையுது, எழுத்து உலோகம் லேசு" என்று
சுத்த ஈயம் சேர்த்தார்.
இன்னும் கொஞ்சம். இன்னும்.
நான் எழுதிக்கொண்டே போனேன்,
கலவை, மருந்து, காற்று, மழை,
ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றவேண்டும் என்பது அவர் சட்டம்.
மாசி போய் ஆனி வந்தது.

தராசில் இருபத்து நான்கு சரியாக நின்ற சனிக்கிழமைதான்
குறி சிதறியது.
எண்பது கஜத்தில் மைலோ டின் மூடி,
ஐந்து வெடியில் ஒன்று மூடியில்,
ஒன்று கம்பத்தில்,
மூன்று எங்கே என்று ஆண்டவருக்கே வெளிச்சம்.
குழாயில் துணி விட்டு இழுத்தால்
ஈயம் வெள்ளித் தாளாக உரிந்து வந்தது.
"வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றார்.
பிறகு நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை.

லோ ஆ சேங் நகைக்கடை.
ஆறு ரவைகளைத் தங்கத் தட்டில் வைத்தான்,
சிரித்தான், எடை சொன்னான்.
இருபத்து நான்கு புள்ளி ஆறு.
ஆறும் அப்படியே.
முதல் வார்ப்பில் மிஞ்சியிருந்த ஒன்றையும் வைத்தோம்:
இருபத்து நான்கு.
ஆரம்பத்திலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

பஸ்ஸில் நாங்கள் பேசவில்லை.
அறையைத் திறந்து பித்தளைக் கற்களைக் கவிழ்த்தேன்.
பத்து. ஐந்து. இரண்டு. எல்லாம் வழவழ.
இருபதின் அடியில் ஒரு மறு.
பேனாக்கத்தி நுனி எளிதாக இறங்கியது,
மிளகளவு ஈயம் மேசையில் உருண்டது.
என்னிடம் வருமுன்னே
அந்தப் பெட்டி பூட்டிச் சாவியோடு இருந்தது,
கிராணி கொடுத்தது, அவருக்கு யாரோ கொடுத்தது.

சவரிராயன் பழைய கலவைக்குத் திரும்பினார்.
அடுத்த ஞாயிறு ஐந்து வெடி கேட்டது,
மூடியைக் கொண்டுவந்து காட்டினார்,
ஐந்து ஓட்டையையும் இருபது காசு மூடியது.
"பாரு பிள்ளை" என்றார்.
பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றேன்.

என் முன்னால் செக்ரோல் புத்தகம்.
காய்ந்த ரப்பர்த் துண்டுகளையும்
அதே கல்லில்தான் நிறுத்தேன்,
காலையில் வாளி இறக்கிவிட்டு
வாசலில் நிற்பாள் அங்காயி,
"இன்னைக்கு எவ்வளவு எழுதுற?" என்பாள்,
தராசு சொன்னதை எழுதினேன்.
நூறு ராத்தலுக்கு மூன்று.
நான் வந்து ஆறு வருஷம் நான்கு மாதம்.
எனக்கு முன்னால் எத்தனை என்று
இந்தப் புத்தகத்தில் இல்லை.

"அந்தத் துண்டைக் கரண்டியில போடவா?" என்றார் அவர்.
வேண்டாம் என்று
தீப்பெட்டியில் வைத்து மூடினேன்.
பெருக்கலைத் தொடர்ந்தேன்,
விளக்கு அணையும் மணி வரை,
பிறகு மெழுகுவத்தியில்.